காகிதக் கூழ் பொம்மை சொதப்பினால்: கோளாறு வாரியாக வைத்தியம்

ஆவணியில் செய்து, வர்ணம் அடித்து, நெற்றிப்பட்டம் எல்லாம் ஒட்டி அலமாரி மேல் ஏற்றிவைத்த யானையைக் கொலுப்படி கட்டும் அன்று கீழே இறக்கினால், முன்னங்கால் ஒன்று மடங்கி, உட்காரப் போகிற மாதிரி நிற்கிறது. வயிற்றில் விரலை வைத்தால் அமுங்குகிறது. "பசை சரியில்லை" என்றார்கள் வீட்டில். நானும் அப்படித்தான் நினைத்து அடுத்த வருடம் பசையின் அளவை மாற்றினேன், அதற்கடுத்த வருடம் பசையையே மாற்றினேன், யானை மட்டும் உட்கார்ந்துகொண்டே இருந்தது. கோளாறு பசையில் இல்லை, தண்ணீரில். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக நான் வழியே விடவில்லை.

பழைய பேப்பரை வைத்து வீட்டில் எதைச் செய்தாலும் முக்கால்வாசிக் கோளாறு இந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். காகிதம் என்பது நார். ஊறினால் நாருக்கு நார் உள்ள பிடி விடும், காய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும், பிடிக்கும்போது ஒன்றை ஒன்று இழுத்துச் சுருங்கவும் செய்யும். தண்ணீர் அதிகமாகப் போனதா, ஒரு பக்கம் மட்டும் காய்ந்ததா, இன்னும் போகவே இல்லையா என்று முதலில் இதைக் கேளுங்கள். அப்புறம் பசையைத் திட்டலாம்.

கீழே எல்லாம் நான் கெடுத்துக் கற்றுக்கொண்டவை. உங்கள் பொம்மைக்கு என்ன ஆயிற்றோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

மிக்ஸியில் அரைத்தும் கூழ் கட்டி கட்டியாக வருகிறது

என்ன பேப்பர் போட்டீர்கள்? வழவழப்பான பத்திரிகைத் தாள், துணிக்கடை விளம்பரத் தாள் இதெல்லாம் வெள்ளைக் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ பூசி மெருகேற்றியவை, லேசில் ஊறாது. பிளாஸ்டிக் ஒட்டிய கல்யாணப் பத்திரிகை என்றால் ஒரு வாரம் ஊறினாலும் தோல் தோலாகத்தான் மிதக்கும். அதை எடுத்துப் போட்டுவிடுங்கள். சாதாரண நாளிதழ் போதும், அதைவிட உசத்தி முட்டை அட்டை. 30 முட்டை வைக்கிற அந்தச் சாம்பல் நிற அட்டை ஏற்கெனவே பழைய காகிதக் கூழில் வார்த்ததுதான், இரண்டு மணி நேரம் வெந்நீரில் கிடந்தால் கையாலேயே பிசைந்துவிடலாம்.

நாளிதழைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துப் போடுங்கள். கிழித்த ஓரம் பிசிறாக இருப்பதால் சீக்கிரம் தண்ணீர் குடிக்கும். ஓர் இரவு ஊற வேண்டும். அவசரம் என்றால் பழைய பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடலாம். மிக்ஸியில் ஒரு கைப்பிடிக்கு ஒன்றரை டம்ளராவது தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டுச் சுற்றுங்கள். தண்ணீர் கம்மியாக ஊற்றி, ஒரே மூச்சில் ஓடவிட்டு, கத்தி சிக்கி மோட்டார் கருகி, ஒரு வாரம் சட்னிக்கு அம்மியைத் தேடிய வீடு எங்களுடையது. பழைய ஜார் ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், அச்சு மை பட்ட ஜாரில் மறுபடி சட்னி வேண்டாம்.

கூழ் கையில் ஒட்டுகிறது, வைத்த இடத்தில் நிற்காமல் வழிகிறது

பிழியவில்லை, அவ்வளவுதான். ஈரிழைத் துண்டில் கொட்டி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்குங்கள். போதுமா என்று பார்க்க, நெல்லிக்காய் அளவு உருட்டி ஒரு காய்ந்த பேப்பர் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்தால் கீழே லேசான ஈரத்தடம் இருக்கலாம். உருண்டையைச் சுற்றி வளையமாக ஈரம் பரவியிருந்தால் இன்னொரு முறுக்கு பாக்கி.

பிழிந்த பிறகுதான் பசை. எங்கள் வீட்டு அளவு, பிழிந்த கூழ் நாலு கைப்பிடிக்கு வெந்தய விழுது ஒரு கைப்பிடி. வெந்தயத்தை முதல் நாள் ராத்திரி ஊறவைத்து மறுநாள் அரைத்தால் நுரைத்துப் பொங்கி இழுபடும். பாட்டி காலத்தில் முறத்துக்கும் கூடைக்கும் பேப்பரோடு வெந்தயம் அரைத்து மெழுகினார்களே, அதே சங்கதிதான். வெந்தயத்தில் உள்ள கோந்தும் கொத்தவரை விதையில் எடுக்கிற கோந்தும் ஒரே சாதி, இரண்டும் தண்ணீரை இழுத்துப் பிடித்துப் பிசுபிசுவென்று ஆகும். வெந்தயம் இல்லையென்றால் மைதா பசை. ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீராக்கி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி இறக்குங்கள். காய்ச்சாத மைதாக் கரைசல் ஒட்டுகிற மாதிரி இருக்கும், காய்ந்ததும் உதிரும்.

கூழ் ஒட்டாமல் உதிர்கிறது என்றால் இதற்கு நேர்மாறு, ரொம்பப் பிழிந்துவிட்டீர்கள். இரண்டு கரண்டி பசை விட்டு மறுபடி பிசையுங்கள். சப்பாத்தி மாவு பதம், அதைவிடக் கொஞ்சம் தளர்வு.

மேலே காய்ந்துவிட்டது, உள்ளே அமுங்குகிறது

என் யானைக் கதை. இது ஒன்றைப் பிடித்துவிட்டால் பாதிக் கோளாறு தீர்ந்தது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கூழை ஒரே நாளில் இரண்டு விரற்கடை கனத்துக்கு அப்பினால் வெயில் பட்ட மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும். அந்தத் தோலே மூடி மாதிரி ஆகி உள்ளே இருக்கும் ஈரத்தை அடைத்துக்கொள்ளும். வெளியே தட்டினால் கெட்டியாக இருக்கிறதே என்று நாம் வர்ணமும் அடித்துவிடுவோம், அக்ரிலிக் வர்ணம் அடித்தால் கேட்கவே வேண்டாம், மூடிக்கு மேல் இன்னொரு மூடி. அப்புறம் உள்ளிருக்கும் ஈரம் நாள்கணக்கில் கால் பக்கம் இறங்கி, கால் இளகி, யானை உட்காரும். நடுவில் கசக்கிய பேப்பர் உருண்டையை உடம்பாக வைத்திருந்தால் அது கூழின் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டிலை உடம்பாக வைத்தால் ஈரம் வெளிப்பக்கமாக மட்டும்தான் போக முடியும், ஒன்றுக்கு இரண்டு மடங்கு நாள் பொறுக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் ஈரம் இருக்கிறது. தேங்காயைத் தட்டுகிற மாதிரி விரல் முட்டியால் தட்டுங்கள், காய்ந்தது டக் டக் என்னும், ஈரமானது தொப் என்னும். மூன்றாவதுதான் நான் நம்புவது. சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் எடை போட்டு, பென்சிலால் அதன் வயிற்றிலேயே எழுதிவைப்பேன். அப்படி எடை போட்டுச் செய்த யானையின் வயிற்றில் 640, 520, 455, 415, 390, 388, 388 என்று வரிசையாக இருந்தது. ஒரே எண் இரண்டு நாள் வந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டேன். அந்த எண்கள் இப்போது பச்சை வர்ண அம்பாரிக்கு அடியில் இருக்கின்றன.

ஏற்கெனவே அமுங்கிவிட்டதென்றால் தூக்கிப் போட வேண்டாம். யார் கண்ணிலும் படாத அடிவயிற்றில் கோணி ஊசியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள், ஆழமாக, நடு வரைக்கும். பொம்மையைக் கவிழ்த்துக் கம்பி வலை மேலோ சல்லடை மேலோ வைத்து, ஃபேன் காற்றில் விடுங்கள். நேர் வெயில் வேண்டாம். மறுபடி எடைக் கணக்கு. நின்ற பிறகு ஓட்டைகளைக் கூழால் அடைக்கலாம். மடங்கிய காலை, மடங்கிய இடத்தில் பாதி வரை வெட்டி நிமிர்த்தி, இரண்டு ஐஸ்கிரீம் குச்சியையோ நாலைந்து தென்னை ஈர்க்கை நூலால் கட்டியோ எலும்பாக உள்ளே செருகி, பசையில் நனைத்த பேப்பர்ப் பட்டையால் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். கட்டுப் போட்ட கால் மற்ற மூன்று காலைவிடப் பலமாக இருக்கும், என் அனுபவம்.

அடுத்த தடவை செய்யும்போது ஒரு நாளைக்கு மூன்று நாலு மில்லிமீட்டர் கனம்தான், இரண்டு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் என்ன உயரமோ அந்த அளவு. காய்ந்த பின் அடுத்தது. நவராத்திரி புரட்டாசியில், அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும், ஆகவே கொலுவுக்கு என்றால் ஆடியிலேயே கூழ் ஊறப்போட வேண்டும். மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் ஆரம்பித்துவிட்டு "காயவே இல்லை" என்றால் நான் என்ன சொல்ல?

தட்டு கோணிக்கொண்டது, விசிறி வளைந்துவிட்டது

தட்டையான பொருளுக்கு இது நிச்சயம் வரும். அட்டையில் ஒரு பக்கம் மட்டும் பேப்பர் ஒட்டினால், ஒட்டிய பேப்பர் காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். குழிந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கம் அதே பேப்பரை, அதே பசையில் ஒட்டுங்கள், இழுப்பு சமமாகிவிடும். அப்படியும் நிமிரவில்லையென்றால் இரண்டு பக்கமும் ஈரத்துணியால் லேசாக ஒற்றி, பழைய வேட்டித் துணிக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக் குழவியைப் படுக்கப்போட்டு இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் மாலை துணியை மாற்றுவது முக்கியம், மறந்தால் பூசணம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. காகிதத்துக்கு நெடுக்கு, குறுக்கு உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்திருக்கும். நாளிதழை ஒரு திசையில் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும், மற்ற திசையில் கோணல்மாணலாகக் கிழியும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. ஈரம் பட்டால் தாள் அதற்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், காய்ந்தால் அதிகம் சுருங்கும். எல்லா அடுக்கையும் ஒரே திசையில் ஒட்டினால் வளையாமல் என்ன செய்யும்? ஓர் அடுக்கு நெடுக்கு, ஓர் அடுக்கு குறுக்கு.

காயும்போதே வெடித்துவிட்டது

எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் கூழ் அப்பிக் காயவிட்டால் கூழ் சுருங்கும், கிண்ணம் சுருங்காது. நடுவில் வேறு வழியில்லாமல் கூழ்தான் வெடிக்கும். முக்கால் காய்ச்சலில், அதாவது தொட்டால் கெட்டியாகவும் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும்போதே அச்சிலிருந்து கழற்றிவிட்டு, மீதியைத் தனியாகக் காயவிடுங்கள். உச்சி வெயில் மொட்டை மாடியும் வெடிப்புக்குக் காரணம். காலை வெயில், மாலை வெயில் சரி.

நார் குட்டையாக இருந்தாலும் வெடிக்கும். ஒவ்வொரு தடவை மறுபடி கூழாக்கும்போதும் நார் தேய்ந்து குட்டையாகிறது, அதனால் முட்டை அட்டைக் கூழ் மட்டும் போட்டால் வழவழப்பாக வரும், பலம் இருக்காது. பழைய நோட்டுத் தாளும் அப்படித்தான். நம் ஊர் எழுதுதாளில் கரும்புச் சக்கைக் கூழ் நிறையவே உண்டு. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இருக்கும் அரசு ஆலை 1984-லிருந்து சக்கையில் காகிதம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சக்கை நார் பைன் மர நாரைவிடக் குட்டை. அதனால் பழுப்பு நிறக் கடைப்பை, பார்சல் கவர் கிடைத்தால் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் நார் நீளம். நான் தலையணைப் பஞ்சு கொஞ்சம் பிய்த்துப் போட்டுப் பிசைவேன். செலவில்லாத வைத்தியம்.

வெடித்ததை அடைக்க, முதலில் வெடிப்பின் இரண்டு ஓரத்தையும் பிரஷ்ஷால் நனையுங்கள். காய்ந்த ஓரத்தில் ஈரக் கூழை வைத்தால் காய்ந்த பக்கம் தண்ணீரை உறிஞ்சிவிடும், கூழ் சுருங்கி மறுபடி அதே இடத்தில் கோடு விழும். நனைத்த பின் கூழோடு பெவிகால் கலந்து கத்தி முனையால் அழுத்தித் திணியுங்கள். மயிரிழை வெடிப்புக்குக் கூழ் வேண்டாம், சாக்பீஸ் தூளும் பெவிகாலும் குழைத்துத் தேய்த்தால் போதும்.

அச்சிலிருந்து கழன்று வரமாட்டேன் என்கிறது

எண்ணெய் தடவியிருக்க மாட்டீர்கள், அல்லது தடவியும் நேராகக் கூழை அப்பியிருப்பீர்கள். அச்சின் மேல் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்த பேப்பர் ஓர் அடுக்கு முதலில் போட வேண்டும், அதற்கு மேல்தான் பசை. இப்போது மாட்டிக்கொண்டதை, பாத்திரம் எவர்சில்வராக இருந்தால், பாத்திரத்துக்குள் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துத் திருகிப் பாருங்கள். குடம் மாதிரி வாய் குறுகலானதென்றால் திருகல் எல்லாம் நடக்காது. கத்தியால் இரண்டு பாதியாக அறுத்து எடுத்து, மறுபடி பேப்பர்ப் பட்டையால் தைக்க வேண்டியதுதான். அறுக்கும் முன் குறுக்கே நாலைந்து இடத்தில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், சேர்க்கும்போது கோட்டுக்குக் கோடு பொருத்தலாம்.

பலூன் மேல் ஒட்டியது நசுங்கிவிட்டது

பலூனை வெயிலில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து ஈரப் பேப்பரைப் பிளக்கும், ராத்திரி குளிர்ந்தால் சுருங்கிப் பேப்பரையும் உள்ளே இழுக்கும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். காய்ந்ததும் டப்பென்று ஊசியால் குத்தாதீர்கள், ரப்பர் ஒட்டியிருந்தால் ஓட்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகும். முடிச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஓட்டை, காற்று மெல்லப் போகட்டும், ரப்பர் தானே உரிந்து வரும்.

நாறுகிறது, பச்சையாகப் பூத்திருக்கிறது

பசை கலந்த கூழ் மாவு மாதிரி, மறுநாள் புளிக்கும். மீந்ததை ஃப்ரிட்ஜில் மூடிவைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும், என்ன டப்பா என்று எழுதி ஒட்டுங்கள், எங்கள் வீட்டில் ஒருவர் ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறார். லேசான புளிப்பு வாடை மட்டும் என்றால் கூழைத் துண்டில் கட்டி இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, புதுப் பசை போட்டுப் பிசையலாம்.

பூசணம் பிடிக்காமலிருக்க உப்புப் போடச் சொல்கிறார்கள் பலர். போடாதீர்கள். மழைக்காலத்தில் உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று பார்த்திருப்பீர்களே, அதே வேலையைப் பொம்மைக்குள் உட்கார்ந்து செய்யும். கடலோர ஊர்களில் சுத்தமாக ஆகாது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவதும் உண்டு, சுவரொட்டிப் பசையில் போடுவார்கள், அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பொருளில் வேண்டவே வேண்டாம். கிராம்புத் தைலம் நாலு சொட்டு போதும். பூசணத்தைத் தடுக்க உண்மையான வழி சீக்கிரம் காய வைப்பதுதான்.

மேலே மட்டும் பூத்திருந்தால் மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து, பூசணத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே கறுப்பாக ஓடியிருந்தால் வர்ணத்தால் மூடப் பார்க்காதீர்கள். குப்பைக்குப் போகட்டும்.

ஓரமெல்லாம் அரித்திருக்கிறது, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

கோடு கோடாகச் சுரண்டிய மாதிரி இருந்தால் ராமபாணப் பூச்சி, பல்தடம் இருந்தால் எலி. இரண்டும் வருவது மைதாவுக்காக. வெந்தயக் கசப்புக்குப் பூச்சி வராது என்பார்கள் பெரியவர்கள். என் வெந்தயக் கிண்ணங்களைப் பூச்சி தொட்டதில்லை, எலி ஒரு தடவை தொட்டது. மைதா பசையில் செய்ததென்றால் உள்பக்கம், அடிப்பக்கம் எதையும் விடாமல் வார்னிஷ் அடியுங்கள். அடிப்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள், பூச்சி அங்கேதான் ஆரம்பிக்கும்.

பொம்மை நிற்காமல் சாய்கிறது

காய்ந்த காகிதத்துக்குக் கனம் ஏது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துகொள்கிறதே, அடி உருண்டையாக இருப்பதும் கனமெல்லாம் அங்கேயே இருப்பதும்தான் காரணம். அதே உபாயம் இங்கேயும். அடியில் வட்டமாக வெட்டி, காய்ந்த மணலை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வைத்து, சுற்றிப் பேப்பர் திணித்து மூடுங்கள். ஈர மணல் வேண்டாம், யானைக் கதை மறுபடி ஆரம்பிக்கும். கூழாங்கல் போட்டால் குலுங்கிச் சத்தம் வரும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், நமக்குத் தலைவலி.

வெள்ளை அடித்தால் மஞ்சளாக ஊறி வருகிறது, வர்ணம் உரிகிறது

மஞ்சள் கறை வெந்தயத்திலிருந்தோ, நாளிதழ்த் தாளிலிருந்தோ, அச்சு மையிலிருந்தோ வரும். வெள்ளையை எத்தனை தடவை அடித்தாலும் ஈரம்பட்ட ஒவ்வொரு தடவையும் மேலே ஏறும். பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, முழுக்கக் காய்ந்த பின் பிரைமர், அப்புறம் வெள்ளை. வழவழப்பு வேண்டும் என்று வால் பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற மாவு) பூசுகிறவர்கள் மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள், கனமாக ஒரே தடவை பூசினால் பாளம் பாளமாக உதிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

வர்ணம் தோலாக உரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூன்றாவது தலைப்புக்குத் திரும்பிப் போங்கள். கையில் தூளாக ஒட்டினால் போஸ்டர் கலர், மேலே வார்னிஷ் அடித்தால் நின்றுவிடும். ஆனால் தண்ணீரில் கரைகிற வார்னிஷைப் பிரஷ்ஷால் அடித்தால் போஸ்டர் கலர் கலங்கிக் கண் மை கன்னத்துக்கு வந்துவிடும். அம்மன் பொம்மைக்கு அப்படி ஆகி, அன்று வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஸ்பிரே வார்னிஷ் எட்டத்திலிருந்து மெல்லிசாக, மூன்று தடவை.

பாட்டிலில் ஒட்டிய படம் சுருங்குகிறது, மை கரைந்து ஓடுகிறது

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தின் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தால் கரையாது, அது உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். டிஷ்யூ நாப்கினில் இருக்கும் பூப்படத்தை ஒட்டுகிறீர்கள் என்றால் அது இரண்டு மூன்று அடுக்காக இருக்கும், படம் உள்ள மேல் அடுக்கை மட்டும் உரித்து எடுங்கள். பசையை நாப்கினில் தடவாமல் பாட்டிலில் தடவி, நாப்கினை மேலே போட்டு, பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள்.

ஒட்டவே இல்லையென்றால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு. பழைய லேபிள் பசையைத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்து எடுத்திருப்பீர்கள், அந்த எண்ணெய்தான். சோப்புப் போட்டுக் கழுவி, கடைசியாக ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பேப்பர் குழல் கூடை தளர்கிறது, குழல் பிரிகிறது

சைக்கிள் போக்ஸ் கம்பியில் நேராகச் சுற்றினால் இப்படித்தான். மூலையிலிருந்து, சாய்வாகச் சுற்ற வேண்டும், கடைசி முனையில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. ஒரு முனை குறுகலாக, மறு முனை அகலமாக வரும், குறுகலை அகலத்துக்குள் செருகித்தான் நீட்டுவது. வளைக்கும்போது மடிப்பு வெடித்தால் ஈரத் துணியில் பத்து நிமிடம் சுற்றிவைத்துப் பின்னுங்கள்.

வெயிலில் வைத்ததும் ஒட்டியதெல்லாம் விழுகிறது

க்ளூ கன் பசை சூட்டில் உருகி ஒட்டுவது, சூட்டில் இளகவும் செய்யும். வாசல் தோரணம், சன்னல் தொங்கல், கார் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கிற பொம்மை எதற்கும் அது ஆகாது. நூலால் ஒரு கட்டு, அதற்கு மேல் பெவிகால், ராத்திரி முழுக்க அசையாமல் காயட்டும்.

போன வருடம் கட்டி வைத்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன

செட்டியாரும் மனைவியும் பரணிலிருந்து இறங்கியபோது தோளோடு தோள் ஒட்டி இறங்கினார்கள். அக்ரிலிக் வர்ணம் கோடைச் சூட்டில் கொஞ்சம் இளகும், ஒன்றின் மேல் ஒன்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் ஒருவர் வர்ணம் இன்னொருவர் மேல் வந்துவிடும். ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் நன்றாகக் கட்டி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். குளிரில் வர்ணம் விறைத்துக்கொள்ளும், எடுத்த உடனே இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாகத் திருகினால் டிக் என்று விட்டுவிடும். செட்டியார் தோளில் மட்டும் ஒரு பொட்டு வர்ணம் போயிற்று, அங்கவஸ்திரத்தை ஒரு விரல் இறக்கிச் சுற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றித்தான் பெட்டிக்குள் வைக்கிறேன், நாளிதழில் சுற்றுவதில்லை.